ஆடிப் பட்டத்துக்கு இப்போதே எதையெல்லாம் தொடங்கலாம்?

செங்கை_கொல்லை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். செங்கல்பட்டுக்கு அருகில் எங்கள் வீட்டின் பின்புறம் ஏறத்தாழ 2 சென்ட் இடம் இருக்கிறது. செம்மண் நிலம், ஆழ்துளைக் கிணற்று நீர் கோடையிலும் தட்டில்லாமல் கிடைக்கிறது. கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டை, பந்தலில் அவரையும் புடலையும், ஓரத்தில் கொஞ்சம் கீரை என்று வீட்டுத் தேவைக்கு மட்டும் பயிரிட எண்ணியிருக்கிறேன்.

எங்கள் பகுதியில் ஆடிப்பெருக்கு அன்று விதை போடுவதுதான் வழக்கம். ஆனால் அப்படிப் போட்ட அக்கம்பக்கத்துத் தோட்டங்களில், தக்காளியும் மிளகாயும் பிஞ்சு பிடிக்கிற நேரம் பார்த்து ஐப்பசி அடைமழை வந்து, பூவெல்லாம் கொட்டி, தண்ணீர் தேங்கிய பாத்தியில் செடி வாடிச் சாய்வதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். கொஞ்சம் முன்னதாகத் தொடங்கியிருந்தால் பாதிக் காயாவது வீடு வந்து சேர்ந்திருக்குமே என்று தோன்றுகிறது. அதே சமயம், ‘ஆடிப் பட்டம் தேடி விதை’ என்று பெரியவர்கள் சொல்லி வைத்ததைத் தட்டிவிட்டு இந்த வெயிலில் விதை போடவும் துணிவு வரவில்லை. கத்திரி வெயில் முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.

எந்தப் பயிரை எவ்வளவு முன்னதாகத் தொடங்கலாம், அதுவரை வெறுமனே கிடக்கும் மண்ணுக்கு என்ன செய்யலாம் என்பதை அனுபவமுள்ளவர்கள் கூறினால் உதவியாக இருக்கும். சென்ற ஆண்டு காய்களிலிருந்து எடுத்து வைத்த கத்தரி விதையும் மிளகாய் விதையும் கைவசம் உள்ளன. அவற்றை நம்பலாமா என்பதும் தெரிய வேண்டும்.

மேட்டுப்பாத்தி எழுதியது:

வணக்கம். அந்தப் பழமொழியை நீங்கள் மீற வேண்டிய தேவையே இல்லை. மானாவாரி நிலத்தில் சோளம், கடலை, துவரை என்று மழை ஈரத்தை நம்பி நேரடியாக விதைத்தவர்களுடைய கணக்கு அது. நாற்று விட்டுப் பிடுங்கி நடுகிற காய்கறிகளுக்கு ஆடி என்பது நடவு மாதம். நாற்றங்கால் அதற்கு முன்பே தயாராகியிருக்க வேண்டும். கையில் கிணற்று நீர் இருப்பவர், மழைக்காகக் காத்திருந்த மானாவாரி விவசாயியின் நாளை அப்படியே பின்பற்றுவதால் வருகிற சிக்கல்தான் நீங்கள் விவரித்தது.

உங்கள் மாவட்டத்துக்கு நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டி, அதாவது ஐப்பசி பிறந்த கையோடு தொடங்குகிறது. தக்காளி நட்ட 65 முதல் 70 நாட்களில் முதல் பழம் கிடைக்கும். ஆடி முதல் வாரத்தில், ஜூலை 20 வாக்கில் நட்டால், புரட்டாசி இரண்டாம் வாரத்தில் பறிக்கத் தொடங்கி மழை வலுப்பதற்குள் மூன்று நான்கு வாரங்களாவது பழம் எடுக்கலாம். ஆடிப்பெருக்கு அன்று விதை போட்டால் நடவு ஆகஸ்ட் கடைசிக்குப் போய்விடும்; முதல் பழம் நவம்பரில், கொட்டும் மழையில் வரும். மிளகாய் இன்னும் மோசம். நாற்று வளரவே 40 நாட்கள் எடுப்பதால், அது பூக்கும்போதே மழைக்காலம் தொடங்கியிருக்கும்.

ஆகவே மிளகாய் விதையை வைகாசிக் கடைசி வாரத்திலும், 30 முதல் 35 நாட்களில் நடவுக்கு வருகிற கத்தரியை ஆனி முதல் தேதியை ஒட்டியும், 25 நாட்களில் வந்துவிடுகிற தக்காளியை ஆனி 10-ஐ ஒட்டியும் போட்டால், மூன்றும் ஏறத்தாழ ஒரே வாரத்தில் நடவுக்கு நிற்கும். இதைவிட முந்தினாலும் பயனில்லை, குறிப்பாகத் தக்காளியில். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராமல் இருக்கிற நாட்களில் மகரந்தம் செயலிழந்து பூ உதிர்ந்துவிடும். போதாததற்கு, வறண்ட வெயிலில் வெள்ளை ஈ பெருகி இலைச்சுருள் நோயையும் கொண்டுவந்து சேர்க்கும்.

நாற்றங்காலை 15 செ.மீ. உயரத்துக்கு மேட்டுப் பாத்தியாக அமையுங்கள். வீட்டுத் தேவைக்கு ஒரு முழம் அகலமும் இரண்டு முழம் நீளமும் போதும். மண்ணும் நன்றாக மட்கிய தொழுவுரமும் சரிபாதி கலந்து, கட்டி இல்லாமல் சலித்துப் பரப்பி, 5 செ.மீ. இடைவெளியில் விரலால் கோடு கிழித்து, அரைவிரற்கடைக்கும் குறைந்த ஆழத்தில் விதையைத் தூவி மூடுங்கள். ஒரு கிராமில் ஏறத்தாழ 300 தக்காளி விதைகள் இருக்கும். ஒரு குடும்பத்துக்கு 10 செடிகள் போதும் என்றால் 25 விதைகளுக்கு மேல் போட வேண்டாம். பாக்கெட்டைப் பிரித்த ஆசையில் முழுவதையும் கொட்டுபவர்கள்தான் நாற்றழுகல் நோயை வரவழைத்துக்கொள்கிறார்கள். நாற்று நெருக்கமாக முளைத்து, மண் எப்போதும் சொதசொதவென்று இருந்தால், தண்டு மண்மட்டத்தில் நீர்க்கோத்து நைந்து, பச்சை மாறாமலே நாற்றுகள் படுத்துவிடும். சூடோமோனாஸ் என்னும் நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள் கிடைத்தால் ஒரு லிட்டர் நீருக்கு 10 கிராம் கலந்து முளைப்புக்குப் பின் ஒருமுறை ஊற்றலாம். காலையில் பூவாளியால் ஒருமுறை நீர் தெளித்து, மாலைக்குள் மேல்மண் லேசாகக் காய்கிற அளவில் வைத்திருப்பது அதைவிட முக்கியம்.

விதைத்தவுடன் வைக்கோலைப் பரப்பி மூடி வையுங்கள். முதல் முளை தெரிந்த அன்று மாலையே வைக்கோலை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் நாற்று வெளுத்து, கழுத்து நீண்டு, பிறகு தேறாது.

வண்டல்_வாசம் எழுதியது:

மண்ணைப் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். செம்மண்ணில் ஊட்டத்தைவிட மக்குப் பொருள்தான் பெரிய குறை. எவ்வளவு தண்ணீர் விட்டாலும் அது நிற்பதில்லை. உங்களிடம் நீர் இருப்பதால், தாமதிக்காமல் இந்த வாரமே பசுந்தாள் உரச் செடியான சணப்பு விதைத்துவிடுங்கள். 2 சென்டுக்குக் கால் கிலோ முதல் அரைக் கிலோ வரை விதை போதும். 45 நாட்களில், பூ எடுக்கும் தருணத்தில், இடுப்புயரம் தாண்டி நிற்கும்; அப்போது வெட்டி மண்ணோடு கலந்து மூடிவிட்டால், இரண்டு வாரத்தில் மட்கி ஆடி முதல் வார நடவுக்கு நிலம் சரியாகத் தயாராகும். பூத்துக் காய் பிடிக்கும் வரை விட்டுவிட்டால் தண்டு நாராகிவிடும். பிறகு அது மட்க மாதக் கணக்காகும். தக்காளி, கத்தரி வேர்களில் முடிச்சு முடிச்சாக வீங்கச் செய்கிற நூற்புழுவைக் குறைப்பதிலும் சணப்புக்குப் பங்குண்டு. முந்தைய பயிரின் வேரைப் பிடுங்கிப் பார்த்தபோது அத்தகைய முடிச்சுகள் கண்ணில் பட்டிருந்தால், இன்னொரு பசுந்தாள் உரச் செடியான தக்கைப்பூண்டுக்குப் போகாமல் சணப்பையே போடுங்கள்.

நாற்றங்காலுக்கு ஒதுக்குகிற மூலையில் மட்டும் சணப்பு வேண்டாம். அந்த இடத்தைக் கொத்தி, கல்லும் வேரும் பொறுக்கி, நன்றாக நனைத்து, ஒளி ஊடுருவும் மெல்லிய பாலித்தீன் தாளை மண்ணோடு ஒட்டினாற்போல் விரித்து, நான்கு ஓரங்களையும் காற்றுப் புகாதபடி மண்ணால் மூடி வையுங்கள். இந்த வெயிலில் தாளுக்கு அடியில் மண் கொதித்து, களை விதைகளும் நாற்றழுகலுக்குக் காரணமான பூசணங்களும் பெருமளவு அழிந்துவிடும். தாள் கறுப்பாக இருந்தால் அந்த அளவு சூடேறாது. முழுப் பலன் கிடைக்க நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். மிளகாய்க்கு அத்தனை நாள் இல்லை என்பதால், அதற்கு மட்டும் ஒரு தொட்டியில் தனியாக மண் கலந்துகொள்ளலாம். கோரை இருந்தால் இதை நம்ப வேண்டாம். அதன் கிழங்கு ஆழத்தில் சுகமாக உறங்கிவிட்டு, தாளை எடுத்த வாரமே தலைநீட்டும். தோண்டிப் பொறுக்குவது ஒன்றே வழி.

தொழுவுரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பச்சைச் சாணத்தை நடவுக்குச் சற்று முன்பு போடுவது கறையானுக்கும் வேர்ப்புழுவுக்கும் விருந்து வைப்பதாகும். கையில் எடுத்தால் சாண வாடையே இல்லாமல், பொலபொலவென்று உதிர்கிற உரமாக இருந்தால் மட்டும் போடுங்கள்.

சாரல்_காற்று எழுதியது:

மேலே எழுதியவர்கள் கூறியதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் ‘முன்னதாகத் தொடங்குவது நல்லது’ என்பதை எல்லாப் பயிருக்கும் பொதுவாக எடுத்துக்கொண்டுவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். பந்தல் அவரையை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டுக் கொடியவரை பகற்பொழுது சுருங்கத் தொடங்கிய பிறகே பூக்கும். உங்கள் செங்கல்பட்டு அட்சரேகையில் ஆனி மாதப் பகலுக்கும் மார்கழி மாதப் பகலுக்கும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேர வேறுபாடு உண்டு. நமக்குத் தெரியாத அந்த வேறுபாடு அவரைக்குத் தெரியும். வைகாசியில் விதைத்தாலும் ஆடியில் விதைத்தாலும் அது கார்த்திகை, மார்கழியில்தான் பூங்கொத்து விடும். முந்தி விதைத்தவருக்கு மிச்சம், பந்தல் முழுவதும் இலையும், அந்த இலையில் அசுவினியும், அசுவினியைத் தேடி வரும் எறும்பும்தான். சிறகவரைக்கும் இதே குணம். ஆண்டு முழுவதும் காய்க்கிற குத்தவரைக்கு (செடியவரைக்கு) இந்தக் கட்டுப்பாடு இல்லை. அவசரமுள்ளவர்கள் அதைப் போட்டுக்கொள்ளலாம்.

புடலை, பீர்க்கன், பாகல் போன்றவற்றிலும் நிதானம் வேண்டும். நீண்ட பகலும் கடும் வெப்பமும் சேர்ந்திருக்கும்போது கொடியில் ஆண்பூவே அதிகம் வரும். பூத்துக் குலுங்குகிறது, ஒரு பிஞ்சையும் காணோமே என்று ஆனியில் பலர் கேட்பதற்குக் காரணம் அதுதான். இவற்றை ஆடி பிறந்ததும் நேரடியாகக் குழியில் ஊன்றினால் போதுமானது. இப்போது முன்கூட்டிச் செய்ய வேண்டியது பந்தல்தான். கொடி ஏறத் தொடங்கிய பிறகு கால் நடுபவர்கள், வேரையும் வெட்டி, கொடியையும் முறிப்பார்கள்.

வெண்டைக்கு இந்தத் தயக்கங்கள் எதுவும் இல்லை. ஆனி நடுவிலேயே விதையை இரவு ஊறவைத்து மறுநாள் ஊன்றலாம்; 45 நாட்களில் காய் வந்துவிடும். நரம்பு மஞ்சளாகி இலை முழுவதும் வெளிறுகிற செடி கண்ணில் பட்டால், இரக்கம் பார்க்காமல் அன்றே பிடுங்கிவிட வேண்டும். வெள்ளை ஈ அதிலிருந்து அடுத்த செடிக்குப் போக அதிக நேரம் ஆகாது.

எங்கள் தென்காசிப் பக்கத்தில் முன்னதாகத் தொடங்குவதென்றால் முதலில் காற்றை நினைக்க வேண்டும். ஆனி பிறந்ததும் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கும். அதில் சாரல் இருக்கும் நாளில் குளுமை, இல்லாத நாளில் புதிதாக நட்ட நாற்று ஒரே பகலில் சுருண்டுவிடும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது இங்கே மிகைப்படுத்தல் அன்று. அதனால் தோட்டத்தின் மேற்கு ஓரத்தில் சித்திரையிலேயே அகத்தியை நெருக்கமாக விதைத்துவிடுகிறோம். உங்கள் பகுதியில் காற்று அத்தனை கடுமை இல்லை. ஆயினும் இப்போது மேற்கு ஓரத்தில் இரண்டு வரிசை மக்காச்சோளம் ஊன்றினால், நடவின்போது அது ஆளுயரம் வந்திருக்கும். வெள்ளை ஈ நேராக உள்ளே பறந்து வருவதையும் ஓரளவு தடுக்கும்.

செங்கை_கொல்லை எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சணப்பு விதை வாங்கச் சொல்லியிருக்கிறேன். அவரையை ஆடிக்கே விட்டுவிடுகிறேன். இரண்டு ஐயங்கள் மட்டும் மீதமிருக்கின்றன. பழைய விதைகளைப் பற்றிக் கேட்டதற்குப் பதில் கிடைக்கவில்லை. மேலும், நாற்றங்கால் சிரமம் எதுவும் வேண்டாம், ஆடியில் நாற்றுப் பண்ணையில் குழித்தட்டு நாற்றாகவே வாங்கிக்கொள்ளலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள். அதில் குறை ஏதும் உண்டா?

மேட்டுப்பாத்தி எழுதியது:

விதையைப் பற்றிச் சொல்ல விட்டுப்போயிற்று. நிழலில் உலர்த்தி, ஈரம் படாமல் மூடி வைத்த கத்தரி விதை இரண்டு மூன்று ஆண்டுகள் வரை முளைக்கும். மிளகாய் விதைக்கு ஓராண்டு என்பது பிரச்சினையே இல்லை. வெங்காய விதைதான் ஓராண்டில் உயிர்ப்பை இழந்துவிடும். எப்படியிருந்தாலும் சந்தேகத்தோடு நாற்றங்காலில் போட வேண்டியதில்லை. இப்போது கையில் நாள் இருக்கிறது. ஒவ்வொன்றிலும் 10 விதைகளை எண்ணி எடுத்து, நனைத்துப் பிழிந்த பழைய வேட்டித் துணியில் இடைவெளி விட்டு அடுக்கி, துணியைச் சுருட்டி, ஒரு டிபன் பாக்ஸில் வைத்து மூடுங்கள். துணி காயாமல் தினமும் திறந்து பார்த்து நீர் தெளித்துவந்தால், கத்தரி 7 முதல் 10 நாட்களிலும் மிளகாய் 8 முதல் 12 நாட்களிலும் வெண்ணிற முளை காட்டும். பத்துக்கு ஏழு முளைத்தால் தயங்காமல் விதைக்கலாம். நான்கு ஐந்து என்றால் இருமடங்கு விதைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் கீழே என்றால் புது விதை வாங்க இன்னும் காலம் இருக்கிறது. சென்ற ஆண்டு செடி வீரிய ஒட்டு ரகமாக இருந்திருந்தால், முளைப்பு நன்றாக இருந்தாலும் காய் தாயைப் போலவே வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

குழித்தட்டு நாற்று வாங்குவதில் தவறில்லை. வேரோடு மண்கட்டி சேர்ந்தே வருவதால் நட்ட அதிர்ச்சி குறைவு. ஆனால் ஆடியில் எல்லோரும் ஒரே வாரத்தில் கேட்பதால், எஞ்சி நிற்கிற முற்றிய நாற்றையே கொடுத்துவிடுவதுண்டு. தட்டிலேயே பூவெடுத்த தக்காளி நாற்று பார்க்க அழகாக இருக்கும். நட்டால் வளராது, நான்கு காய் காய்த்துவிட்டு நின்றுவிடும். மிளகாய் நாற்றை வாங்கும்போது குருத்திலையைத் திருப்பிப் பாருங்கள். மேல்நோக்கிச் சுருண்டிருந்தால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டிருந்தால் மஞ்சள் சிலந்திப்பேன். இரண்டையும் விலை கொடுத்து வீட்டுக்கு அழைத்து வர வேண்டாம். ரகமும் நமக்குத் தெரியாது. மழைக்கு முன் கிடைக்கிற குறுகிய காலத்தில் பலன் எடுக்க நினைக்கும் உங்களுக்கு, பந்தலேறி நீண்டநாள் காய்க்கும் தக்காளி பொருந்தாது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியின் பி.கே.எம். 1 போல, குட்டையாகப் படர்ந்து, காய்களைச் சேர்ந்தாற்போல் தரும் ரகமே நல்லது. சொந்த நாற்றங்கால் என்றால் இந்தத் தேர்வு உங்கள் கையில் இருக்கும். மிளகாயையும் கத்தரியையும் நீங்களே விட்டு, தக்காளியை வேண்டுமானால் வாங்கலாம் என்பது என் கருத்து.

எறும்பைச் சொல்ல மறந்தேன். நாற்றங்காலைச் சுற்றி அடுப்புச் சாம்பலைக் கோடாகத் தூவி, மழையோ தண்ணீரோ பட்டால் மீண்டும் தூவுங்கள். இல்லாவிட்டால் முளைக்காத விதைக்கு விதைமேல் பழி போடுவோம். விதையோ எறும்புப் புற்றில் இருக்கும்.

மொட்டைமாடி_கீரை எழுதியது:

சென்னையில் மாடியில் வளர்ப்பவர்களும் இந்த இழையைப் படிக்கக்கூடும் என்பதால் ஒன்றைச் சேர்க்கிறேன். நாள் கணக்கு அதேதான், இடம்தான் வேறு. ஆனி மாதத்திலும் மாடித் தளம் மாலை வரை அனலாகவே இருப்பதால், நாற்றுத் தட்டைத் தரையில் வைக்காமல் செங்கல் அடுக்கியோ மரப்பலகை இட்டோ உயர்த்தி வைத்து, 50 சதவீத நிழல்வலைக்குக் கீழே வளர்க்க வேண்டும். தென்னைநார்க் கழிவுக் கட்டியை வாங்கியவர்கள் அதை ஊறவைத்து, பழுப்பு நீர் தெளியும்வரை இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே விதையுங்கள். உப்பு மிகுந்த கழிவில் முளைத்த நாற்றின் இலை நுனி கருகுவதை வெயிலின் மேல் போட்டுவிடுகிறோம்.

கொல்லை உள்ள நண்பருக்கும் இதில் ஒன்று பயன்படும். நிழலில் வளர்ந்த நாற்றை அப்படியே பிடுங்கி வெயிலில் நட்டுவிடாதீர்கள். நடவுக்கு ஒரு வாரம் முன்பிருந்து, முதலில் காலை வெயிலுக்கும், பிறகு நண்பகல் வரைக்கும், கடைசியில் முழு நாளுக்கும் பழக்கி, தண்ணீரையும் படிப்படியாகக் குறைத்து வந்தால் தண்டு ஊதா கலந்த பச்சையாகித் தடிக்கும். பிடுங்குகிற அன்று காலையில் மட்டும் நாற்றங்காலை நன்றாக நனைத்துவிட்டு, மாலை நான்கு மணிக்குமேல் நடுங்கள். தக்காளியை முதல் இலை வரை ஆழமாகப் புதைக்கலாம், புதைந்த தண்டிலும் வேர் விடும்; கத்தரியையும் மிளகாயையும் நாற்றங்காலில் நின்ற ஆழத்துக்கே நட வேண்டும். பத்து நாட்கள் கழித்து அதே விதையில் கொஞ்சத்தை இன்னொரு முறை போட்டு வைத்திருந்தால், பட்டுப்போன இடங்களில் மறுபடி நடுவதற்கு ஆடி நடுவில் நாற்றுத் தேடி அலைய நேராது.